கதவின் உட்பக்கம்

இங்கே தண்ணீர் அவசரக்காரி.
எண்பத்தேழு டிகிரியிலேயே
கொதித்துவிட்டேன் என்று குதிப்பாள்.
நம்பிவிடாதீர்கள்.
அந்தக் கொதியில் ஒரு மணி நேரம் கிடந்த உருளைக்கிழங்கு
நடுவில் கல்லாகவே இருக்கும்.
பீன்ஸ் விதைக்குக் குக்கரை விட்டால் வேறு கதியில்லை.

நான் தாழ்நிலத்துக்காரி.
சாந்தா குரூஸில்
வெண்ணெயை மேசையில் வைத்துத் திரும்பினால்
மேசைதான் மிச்சமிருக்கும்.
எல் ஆல்ட்டோவுக்குக் குடிவந்த முதல் ஞாயிறு
அதே தகரத்தட்டு, அதே கரண்டி, அதே அளவு.
கேக் எழுந்தது.
அடுப்பின் கண்ணாடி வழியே பார்த்துக்
கைதட்டிக்கூட விட்டேன்.
முப்பத்தைந்தாவது நிமிடம்
கெட்ட செய்தி கேட்டவள்போல
நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

கீழ்வீட்டு எவுசேபியோ திகோனா
மினிபஸ் இருக்கைகளுக்கு உறை தைப்பவர்.
பள்ளத்தை உற்றுப் பார்த்தார்.
உள்ளே போய் ஒரு டின் பீச் பழம் கொண்டுவந்து
சாறோடு அதில் கவிழ்த்தார்.
"ஏரி," என்றார்.
கரையிலிருந்து தின்ன ஆரம்பித்தார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு கேக்,
அலமாரிக் கதவின் உட்பக்கம்
பென்சிலில் ஒரு வரி.

பேக்கிங் பவுடர் பாதி போதும்.
காற்றுக்குக் கனமில்லாத ஊரில்
குமிழிகளின் தலையில் தட்ட ஆளில்லை,
ஊதி ஊதி உடைந்துபோகும்.

சர்க்கரை, கோப்பைக்கு இரண்டு மேசைக்கரண்டி குறை.

பாலைக் கூட்டு.
மாவு மூட்டையிலேயே வறண்டு வருகிறது,
என் உதடுகளைப்போல.

மூன்றாம் ஞாயிறு தட்டை விளிம்புவரை நிரப்பினேன்.
வழிந்தது அடுப்பின் அடியில் கரியாகி,
அதைச் சுரண்டியதில்
நல்ல ஸ்பூன் ஒன்று வளைந்தது.
பாதித் தட்டு, என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

முட்டை ஒன்று அதிகம்.
வெள்ளைக்கரு விறைத்து நிற்கவேண்டாம்,
நுனி தலைசாய்த்தால் போதும்.
நட்டுக்குத்தாய் நிற்க
ஜன்னலுக்கு வெளியே வைனா பொத்தோசி இருக்கிறது,
கிண்ணத்தில் இன்னொன்று எதற்கு?

ஆறாம் ஞாயிறு எரிவாயு பாதியில் தீர்ந்தது.
சிலிண்டர் லாரியின் மணியோசைக்குக் காத்திருந்தேன்.
அன்று எந்த வரியும் எழுதவில்லை.
எவுசேபியோ அந்த மாவுக்கூழையும் தின்றார்,
பீச்சோடு.

சூட்டைப் பத்து டிகிரி ஏற்று.
மேலோடு சீக்கிரம் பிடித்துக்கொண்டால்
உள்ளிருப்பது சாயாது.

முதல் அரைமணி கதவைத் திறக்காதே.
(இது உயரத்தின் குற்றமில்லை.
என் குற்றம்.)

ஒன்பதாம் ஞாயிறு
எழுந்தது.
நின்றது.
எடுத்து வெளியே வைத்தேன், நின்றது.
ஆறியது, அப்போதும் நின்றது.
விரலால் அழுத்தினேன்,
ஒன்றும் நடக்காததுபோல மேலே வந்தது.
படிகளில் ஓடக்கூடாத ஊர் இது,
ஓடினேன்.
மூச்சு என்னைவிட்டு இரண்டு படி பின்னால் வந்தது.

அவர் டின்னைத் திறந்து தயாராக வைத்திருந்தார்.
தட்டைக் கண்மட்டத்துக்குத் தூக்கி
தையற்காரன் விளிம்பு பார்ப்பதுபோலப் பார்த்தார்.
மேடில்லை, பள்ளமில்லை.
"நன்றாக வந்திருக்கிறது, யெசேனியா,"
என்றார், துக்கவீட்டில் பேசும் குரலில்.
ஒரு துண்டு தின்றார்.
இன்னொன்று கேட்கவில்லை.
டின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பீச்சை எங்கே வைப்பது?"

இரவு அலமாரியைத் திறந்தேன்.
எல்லா வரிகளுக்கும் கீழே
கொஞ்சம் இடமிருந்தது.
பென்சிலைச் சீவி எழுதினேன்:

எவுசேபியோவுக்கு என்றால்
பேக்கிங் பவுடர்,
முழுக் கரண்டி.